போய் லெட்டர் போடுகிறோம்

மணிமங்கலம்
12.6.1991

அன்புள்ள காந்திமதிக்கு,

அத்தை மரகதத்தின் ஆசிகள். இங்கே நாங்கள் எட்டுப் பெண்களும் சண்டையும் சிரிப்புமாகச் சௌக்கியம். என் முட்டிவலி மட்டும் படி ஏறும்போது உன் அப்பாவைத் திட்டச் சொல்கிறது. மணிமங்கலத்து வீட்டை இவ்வளவு உயரத்தில் கட்டியவன் அவன்தானே. நீ, மாப்பிள்ளை, குழந்தை ஸ்ரீமதி எல்லோரும் எப்படி? நாக்பூரில் வெயில் தணிந்ததா? நீ சொன்னபடி வீட்டுக்கு எழுதாமல் உன் பள்ளிக்கூட முகவரிக்கே எழுதுகிறேன். இந்த டீச்சருக்கு வீடு வாசல் கிடையாதா என்று உன் ஹெட்மிஸ்ட்ரஸ் நினைக்கப்போகிறாள்.

உன் தங்கை நிலா நன்றாக இருக்கிறாள். உடம்புக்கு இருபத்தெட்டு வயது, மனசுக்கு எட்டு, பசிக்கு பதினெட்டு. இப்போது தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். ஒரு பின்னல் படப்பையைப் பார்க்கும், இன்னொன்று தாம்பரத்தைப் பார்க்கும்.

போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அதற்கப்புறம் குன்றத்தூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை போலீஸ் ஒரு வீட்டை விடவில்லை. நம் வீட்டுக்கும் ஒரு ஏட்டு வந்தார். "இன்னாமா, ஒரே வூட்ல இத்தினி பொம்பளைங்க? யாரு இவங்கள்லாம்?" என்றார். நான் ரிட்டயர்டு நர்ஸ், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு யாரும் திரும்பக் கூட்டிப்போக வராத பெண்களை என்னோடு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "லைசென்ஸ் கீதா?" என்று கேட்டார். சோறு போடுவதற்கெல்லாம் லைசென்ஸ் உண்டா என்று நான் கேட்டேன். அந்த வாயைச் சும்மா வைத்திருக்கலாம். விஷயம் தாலுகா ஆபீசுக்குப் போய், அங்கிருந்து காஞ்சிபுரத்து சமூகநல ஆபீசுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் ஒருவர் வீட்டைப் பார்வையிட வருகிறாராம்.

பயப்படாதே. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் எத்தனை இன்ஸ்பெக்ஷன் பார்த்தவள் நான்.

உன் அத்தை,
மரகதம்


நாக்பூர்
27.6.1991

அன்புள்ள அத்தைக்கு,

காந்திமதியின் வணக்கம். முட்டிக்கு நல்லெண்ணெய் தடவுகிறீர்களா, அல்லது மற்றவர்களுக்குத் தடவியே பாட்டிலைக் காலி செய்கிறீர்களா? இங்கே எல்லோரும் சுகம். ஸ்ரீமதி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உங்கள் மாப்பிள்ளைக்கு ஆபீசில் ஓயாத வேலை.

இன்ஸ்பெக்ஷன் என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். சொந்தக்காரர்கள் யார் என்றெல்லாம் கேட்பார்களா? என் முகவரி கேட்டால் பள்ளிக்கூட முகவரியே கொடுங்கள். நிலாவுக்கு ஒரு புடவை பார்சல் அனுப்பியிருக்கிறேன். கிளிப்பச்சை, அரக்குக் கரை. அன்றைக்கு அதைக் கட்டிவிடுங்கள். பார்க்க லட்சணமாக இருக்கட்டும்.

நேரில் வர ஆசைதான். அடுத்த மாதம் அவருடைய அம்மா வருகிறார்கள். அதனால் முடியாது. நிலாவிடம் அக்கா கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
காந்தி


மணிமங்கலம்
21.7.1991

அன்புள்ள காந்திக்கு,

ஆசிகள். முட்டி பரவாயில்லை. மாமியார் வந்துவிட்டார்களா, உடம்பெல்லாம் எப்படி? இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி. வகுப்பில் படித்தால் பிள்ளைகள் முன் மானம் போகும்.

இன்ஸ்பெக்டர் வந்து போனார். ஆளுக்கொரு கட்டில் வேண்டும் என்பது சட்டம். நம்முடையதுகளோ பாயில் வரிசையாக ஒட்டிப் படுத்தால்தான் தூங்கும். அரசாங்கத்துக்குக் கட்டில் வேண்டும், எனக்குத் தூக்கம் வேண்டும். படப்பை கல்யாண மண்டபத்திலிருந்து ஏழு இரும்புக் கட்டில் வாடகைக்குச் சொன்னேன். மண்டபத்து மாட்டுவண்டியிலேயே வந்து இறங்கின. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். வாசலில் பெரிய கோலம். சமையல் மீனம்மாள், வருகிறவருக்கு வெறும் காபியா கொடுப்பது என்று கேசரி கிளறி பஜ்ஜி போட்டாள். நிலாவுக்கு உன் புடவையைக் கட்டி, கனகாம்பரம் வைத்து விட்டேன். இதையெல்லாம் நீயே சேர்த்துப் பார். நான் அப்போது சேர்த்துப் பார்க்கவில்லை.

வந்தவர் பெயர் பகலவன். முப்பது வயதிருக்கும். அளவான மீசை, அதட்டாத குரல். கூட ஒரு வயதான பியூன். இருவரும் கூடத்தில் உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமலே நிலா காபித் தட்டை ஏந்தி வந்தாள். தலை நிமிரவில்லை. கொடுத்துவிட்டு, பியூன் காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். பெரியவர் பதறி எழுந்துவிட்டார்.

பகலவன் ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்துப் பேசினார். கக்கூஸ் பார்த்தார், அரிசியை மோந்து பார்த்தார். கட்டில் காலில் மண்டபத்துப் பெயரைப் படித்துவிட்டு என்னையும் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நிலாவிடம், "இங்கேயே இருக்க உனக்கு இஷ்டமாம்மா? யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டார். வாயாடி, ஊர்க்கதை எல்லாம் பேசுகிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள். அவர் மறுபடி கேட்டார். இன்னும் குனிந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, "ஆபீஸ் போய் லெட்டர் போடறோம்மா" என்றார்.

ஜீப் திரும்பியதோ இல்லையோ, உன் தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அத்தே, மாப்ள நல்லா கீறாரு இல்ல?" என்றாள்.

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி. மீனம்மாளோ, நிலாவுக்குப் பகலவன், பெயர்ப் பொருத்தமே அமோகம் என்கிறாள்.

அத்தை


நாக்பூர்
4.8.1991

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். விலா வலி போனதா? இங்கே ஸ்ரீமதிக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

கடிதத்தை ஸ்டாப் ரூமில் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து டீச்சர் என்னவென்று கேட்டாள். யாரைப் பற்றி என்று சொல்வது? ஊரில் ஒரு தமாஷ் என்றேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் அத்தை. காத்திருந்து ஏமாறக்கூடாது. அன்று அவள் கேசரி சாப்பிட்டாளா?

காந்தி


மணிமங்கலம்
25.8.1991

அன்புள்ள காந்திக்கு,

ஆசிகள். குழந்தைக்கு ஜலதோஷம் விட்டதா? கற்பூரவல்லிச் சாறு கொடு.

கேசரி சாப்பிட்டாள், இரண்டு கிண்ணம். உண்மையையும் சொல்லிப் பார்த்தேன். "அவர் மாப்பிள்ளை இல்லைடி, ஆபீசர்" என்றேன். "மாப்ள ஆபீசரா இருந்தா நல்லதுதான அத்தே?" என்கிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது, நீயே எழுது.

இனி சிரிப்பு இல்லை. லெட்டர் வந்துவிட்டது. பெயர்ப்பலகை வை, மணல் வாளி வை, சொந்தமாகக் கட்டில் வாங்கு என்பதெல்லாம் சரி, செய்துவிடலாம். நிலாவைப் பற்றி எழுதியிருப்பதுதான் என்னைப் படுக்கவைத்தது. "கேள்விக்குப் பதில் கூற அஞ்சுகிறார். நடத்துபவர் முன்னிலையில் தலை நிமிரவில்லை" என்று இருக்கிறது. நான் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் காந்தி! பதினோரு வருஷம் அவளுக்குத் தலைவாரி விட்ட கை இது. ஆனால் அந்த ஆபீசர் பிள்ளையைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. வாய் திறக்காமல் குனிந்து நிற்கும் பெண்ணைப் பார்த்தால் நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இரத்த சம்பந்தமுள்ள ஒருவர் நேரில் வந்து, அவளுடைய விருப்பத்தை அறிந்து பொறுப்பேற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை அவளை மெட்ராஸ் அரசு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். நானும் அத்தைதானே, நான் கையெழுத்துப் போட்டால் ஆகாதா என்று பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். இல்லம் நடத்துகிறவரே காப்பாளராக இருக்கக்கூடாதாம். நியாயம்தான். எனக்குத்தான் இடிக்கிறது. புது இடத்தில் ஒரு ராத்திரி படுக்கமாட்டாள் அவள். மெட்ராஸில் என்ன செய்வாள்?

உன் நிலைமை எனக்குத் தெரியும். உன்னைப் பார்க்க வந்த முதல் மூன்று வரனும், கதவிடுக்கில் நின்ற நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் தட்டிப்போனது. நாலாவதாக மாப்பிள்ளை நரசிம்மன் வந்த அன்று அண்ணன் அவளை என் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்டான். ஒரே பெண் என்று சொல்லி உன்னைக் கட்டிக்கொடுத்தான். அண்ணன் போனபிறகாவது மாப்பிள்ளையிடம் நீ சொல்வாய் என்று இருந்தேன். சொல்லவில்லை. ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கவில்லை, கெஞ்சுகிறேன். வா.

லெட்டரைப் படித்துக் காட்டச் சொன்னாள். சொந்தக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "பொண்ணு வூட்டுப் பெரியவங்கள பாக்கணும்னு கேக்கறாங்க. அக்காவ வரச்சொல்லு அத்தே" என்றாள்.

மரகதம்


மணிமங்கலம்
20.9.1991

காந்திமதிக்கு,

உனக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன். இப்போது கோபப்படுகிறேன். கோபம் வந்தால் ரத்தக்கொதிப்பு ஏறும், ஏறினால் அது உன் கணக்கில்தான்.

நிலா தினமும் கேட்டில் நின்று தபால்காரரை வழிமறிக்கிறாள். பாவம் அவர், சைக்கிளைக் கோயில் பக்கமாகச் சுற்றி ஓட்டிப் போகிறார். பகலவன் மறுபடி அக்டோபர் 15 வருகிறார். அதற்குமேல் தவணை இல்லை என்றுவிட்டார்.

பதில் எழுதாவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


நாக்பூர்
28.9.1991

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். ரத்தக்கொதிப்பு மாத்திரையை விடாதீர்கள். எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன். ஸ்ரீமதி பக்கத்து வீட்டில் இருந்தாள். அவர் ஷூ பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டார். ஒரே ஷூவைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால் கூட ஸ்ரீமதியிடம்தான் கேட்கிறார்.

நேற்று ஆபீசிலிருந்து வந்து மேஜைமேல் ஒரு ரயில் டிக்கெட்டை வைத்தார். மெட்ராஸுக்கு, என் பெயருக்கு. போவதற்கு மட்டும். திரும்பி வர இல்லை. டிக்கெட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

பதின்மூன்றாம் தேதி வந்துவிடுவேன். நிலாவிடம் சொல்லுங்கள்.

காந்தி


மணிமங்கலம்
17.10.1991

ஸ்ரீமதியின் அப்பாவுக்கு,

காந்திமதி வணக்கம். நீங்களும் குழந்தையும் சுகம்தானே? பால்காரரிடம் அரை லிட்டர் குறைக்கச் சொன்னீர்களா? நான் சௌகரியமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் இங்கே நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வந்து இறங்கியதும் நிலா ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "நரசிம்ம மாமா வர்லியா? ஸ்ரீமதி வர்லியா?" என்று கேட்டாள். என் கடிதங்களை எல்லாம் அத்தை படித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்பது வரை அவளுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் அவளைத் தெரியாது. நான் அப்படியே நின்று அழுதேன். "இன்னாத்துக்கு அழுவுற? பஸ்ல கூட்டமா?" என்றாள்.

பதினைந்தாம் தேதி அந்த இன்ஸ்பெக்டர் வந்தார். அத்தையை வெளியே இருக்கச் சொன்னார். அவரிடம் நானே விஷயத்தைச் சொன்னேன்: மண்டபத்து வண்டி, கட்டில், கேசரி, புடவை, பெண் பார்க்கும்போது பெண் வாய் திறக்கக்கூடாது என்று நிலா படித்த பாடம் எல்லாவற்றையும். காதுவரை சிவந்துவிட்டார். "வெக்கப்பட்டு நின்னாங்களா? நான் பயம்னு எழுதிட்டேனே!" என்றார். ஆனாலும் விடவில்லை. "நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா அவங்க இஷ்டத்த அவங்கதான் சொல்லணும். நீங்களும் சொல்லிக்கொடுக்கக் கூடாது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நிலாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இங்கேயே இருக்க இஷ்டமா, வேறு எங்காவது போக இஷ்டமா என்று கேட்டார். என்ன சொல்லித் தொலைப்பாளோ என்று அவள் கையை இறுக்கினேன். கல்யாண ஆசையில், போக இஷ்டம் என்றுவிட்டால் அது அப்படியே பைலில் ஏறிவிடும். அவள் மெட்ராஸுக்குப் போகவேண்டியதுதான். அவள் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். அவரை நன்றாகப் பார்த்தாள். "நாங்க கலந்து பேசிட்டு லெட்டர் போடறோம்" என்றாள்.

அந்த மனுஷர் சிரிக்கவில்லை. சரிம்மா, நவம்பர் பத்துக்குள்ள போடுங்க என்றார். இல்லம் நடத்துகிறவர் கையால் எழுதக்கூடாது, அவள் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதவேண்டும் என்று என்னிடம் சொல்லிப் போனார். நான் எழுதலாம். ஆனால் என் ஆசை என் பேனாவில் இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு டிக்கெட்தான் வாங்கித் தந்தீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தினமும் நினைக்கிறேன்.

உங்கள்,
காந்தி


நாக்பூர்
25.10.1991

காந்திக்கு,

நலம். ஸ்ரீமதிக்கு நான் போடும் சடையைப் பார்த்து அவள் பள்ளிக்கூடமே சிரிக்கிறது. பால் குறைக்கவில்லை, தயிராகத் தோய்த்துச் சாப்பிடுகிறோம்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். உன் அப்பா மறைத்தது அவர் பயம். நீ மறைத்தது என்னைப் பற்றிய உன் எண்ணம். பதினோரு வருஷம் கூட இருந்தும், தெரிந்தால் இவன் விட்டுவிடுவான் என்றுதானே நினைத்திருக்கிறாய்? அதுதான் வலிக்கிறது. இதை நேரில் சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டும். கடிதத்தில் சண்டை போட எனக்கு வராது.

டிக்கெட் ஒன்றுதான் வாங்கினேன், வாஸ்தவம். திரும்பி வர மூன்றாக வாங்கலாம் என்று விட்டேன். அதை வாயால் சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை. தீபாவளிக்கு நானும் ஸ்ரீமதியும் அங்கே வருகிறோம். சித்தி இருக்கிறாள் என்று சொன்னதிலிருந்து இவள் குதிக்கிறாள்.

நிலாவுக்கு வளையல் என்ன அளவு? உடனே எழுது. உன் அத்தையிடம் சொல், வெண்டைக்காய் வாங்க வேண்டாம்.

நரசிம்மன்


அனுப்புநர்: வ. நிலா, மரகதம் இல்லம், மணிமங்கலம்
பெறுநர்: உயர்திரு பகலவன், ஆய்வாளர், சமூகநல அலுவலகம், காஞ்சிபுரம்
7.11.1991

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் கூறியபடி இல்லம் நடத்துபவரை வெளியே அனுப்பிவிட்டு, நிலா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என் மனைவியும் வெளியேதான் இருக்கிறார். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, திருத்தவும் இல்லை.

"நல்லா கீறீங்களா? உங்க பியூன் தாத்தா நல்லா கீறாரா? நான் நல்லா கீறேன். தீபாவளிக்கு நெறைய துன்னுட்டேன். மீனம்மா கஷாயம் குடுத்துச்சு. கசப்பு.

லெட்டர் போடறோம்னு சொன்னோம் இல்ல, அதான் போடறோம். உங்கள எனக்குப் புடிச்சிகீது. மீசை நல்லா கீது. ஆனா கல்யாணம் வாணாம். கல்யாணம் ஆனா பொண்ணு வூட்ட வுட்டுப் பூடணும். எங்க அக்கா பூட்ச்சு. ரொம்ப நாளு வர்ல. இப்பதான் வந்துகீது. நான் பூட்டா, எங்கூட கீற தாயாரம்மாவுக்கு யாரு பாய் போடறது? அதுக்குக் கை வராது. நான் இங்கியே கீறேன். இது எங்க வூடு. அத்தை அடிக்காது. திட்டும். அப்பால சோறு போடும்.

மொத நாளு நீங்க கேட்டப்ப நான் பேசல. பொண்ணு பேசக்கூடாது. பெரியவங்க யாரும் இல்ல. இப்ப மாமா கீறாரு, அதனால சொல்றேன்.

நீங்க அழுவாதீங்க. வேற நல்ல பொண்ணா கெடைக்கும். கேசரி துன்ன வாங்க."

கீழே உள்ள வட்டம் அவளே போட்டது. கையெழுத்தாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

எழுதியவர்: ந. நரசிம்மன்
உறவு: மாமா

(முதலில் "அக்காள் கணவர்" என்று எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதை அடித்துவிடச் சொன்னாள்.)